தான் எங்கே இல்லை என்று அறிந்த மைல்கல்

ஆயுதபூஜைக்கு மறுநாள் காலை ஈச்சம்பாறைச் சாலைப் பிரிவில் நின்றிருந்த மைல்கல் பேச ஆரம்பித்தபோது, அதன் பக்கத்தில் பேருந்துக்குக் காத்திருந்த தெய்வானை, யாரோ வழிதான் கேட்கிறார்கள் என்று நினைத்து, சேலம் வடக்கே, ஈரோடு மேற்கே, திருச்செங்கோடு இப்படியே கொஞ்ச தூரம் என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். “நான் வழி கேட்கவில்லை. அங்கெல்லாம் நான் இல்லை என்பது எனக்கே தெரியும். உறுதிப்படுத்தியதற்கு நன்றி” என்றது கல். அதற்குள் பேருந்து வந்துவிட்டது. அவள் ஏறி உட்கார்ந்து டிக்கெட் வாங்கி, தறிப்பட்டறைக்குப் போய்ச் சேர்ந்து, மத்தியானச் சோற்றைப் பிரிக்கும்போதுதான் பக்கத்துத் தறிக்காரியிடம் சொன்னாள், எங்க ஊர் மைல்கல் ரொம்ப மரியாதையாகப் பேசுகிறது என்று.

அந்தப் பக்கத்தில் சாலைப் பணியாளர்கள் ஆயுதபூஜையை மைல்கல்லுக்குத்தான் செய்வார்கள். கடப்பாரை, மண்வெட்டி, தார்ச்சட்டி எல்லாவற்றையும் கழுவி அதன் காலடியில் அடுக்கி, கல்லைக் குளிப்பாட்டி, தலைக்கு மஞ்சளும் உடம்புக்கு வெள்ளையும் புதிதாக அடித்து, சந்தனம் குங்குமம் வைத்து, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, பொரியும் பொங்கலும் படைப்பார்கள். அந்த வருஷம் பெயின்ட் அடித்த அர்த்தநாரி, பூஜைக்கு நேரமாகிவிட்டது என்ற அவசரத்தில், ஊர்ப்பெயரையும் கிலோமீட்டரையும் சேர்த்து வெள்ளையடித்துவிட்டு, எழுத்தை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று தூரிகையைக் கீழே வைத்தான். பொங்கல் நன்றாக இருந்தது. எழுத்து மறந்துபோயிற்று. எழுத்தில்லாத கல்லுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று சொல்ல ஆளில்லாமல் போக, பாவம், அது தானே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

சாயங்காலம் தெய்வானை திரும்பி வந்தபோது பிரிவில் திருவிழாக் கூட்டம் கூடியிருந்தது. டீக்கடை ராக்கியண்ணன் பெஞ்சுகளை எல்லாம் கல்லைச் சுற்றிக் கொண்டுவந்து போட்டுவிட்டார். எப்படி உனக்கு இதெல்லாம் தெரிகிறது என்று யாரோ கேட்க, கல் தொண்டையைச் செருமிக்கொண்டு விளக்க ஆரம்பித்தது.

“நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்கு நேராகத் தெரியாது. ஆனால் எங்கே இல்லை என்று தெரியும். நான் சேலத்தில் இல்லை, பவானியில் இல்லை, பரமத்தியிலும் இல்லை. இல்லாத இடங்களை எல்லாம் இருக்கிற இடங்களிலிருந்து கழித்தால் மிச்சம் நிற்பது எதுவோ அதுவே நான். அந்த மிச்சத்துக்கும் நான் இருக்க வேண்டிய இடத்துக்கும் நடுவே உள்ளது பிசகு. பிசகு எவ்வளவு என்று தெரிந்தால் பிசகாமல் நிற்கலாம். பிசகாமல் நின்றால் பிசகு எவ்வளவு என்று தெரியாது. ஆகவே கொஞ்சம் பிசகியே நிற்க வேண்டும், எவ்வளவு பிசக வேண்டும் என்பதில் மட்டும் பிசகிவிடக் கூடாது.”

கூட்டம் தலையை ஆட்டியது. புரிந்ததா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை, கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்தும் தமயந்தி டீச்சர், இதில் ஒன்றும் அதிசயமில்லை, கப்பலும் ராக்கெட்டும் போனில் வழி சொல்கிற பெண்குரலும் இதே தத்துவத்தில்தான் போகின்றன என்று சொல்லி, ராக்கியண்ணனின் போண்டாவைப் பூமியாகவும் நாலு டீ கிளாஸ்களை ஆகாயத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களாகவும் வைத்து விளக்கினார். விளக்கி முடித்தபோது போண்டா எங்கே இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதை யாரோ எடுத்துத் தின்றுவிட்டிருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து அர்த்தநாரி குற்ற உணர்ச்சியோடு கறுப்பு பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு எழுத்தை எழுத வந்தான். ஊரே அவனை மறித்து நின்றது. எழுதிவிட்டால் பேசாமல் போய்விடும், உனக்கு என்ன அவசரம், அன்றைக்குப் பொங்கலைத் தின்றாயல்லவா, சும்மா போ என்று விரட்டிவிட்டார்கள். தெய்வானையும் சேர்ந்துதான் விரட்டினாள், இதை அவள் பின்னால் பலமுறை நினைத்துக்கொள்ள வேண்டி வந்தது.

அதற்கப்புறம் ஈச்சம்பாறையில் யாரும் எதையும் நேராகச் சொல்லவில்லை. காணாமல்போன ஆட்டைத் தேடுகிறவர்கள் அது இல்லாத தோட்டங்களை எல்லாம் முதலில் சந்தோஷமாகப் பார்த்துவிட்டு வந்தார்கள். நேற்றெல்லாம் எங்கே போயிருந்தாய் என்று பெண்டாட்டி கேட்டால் புருஷன்மார் கோயிலில் இல்லை, தோட்டத்தில் இல்லை, உங்கம்மா வீட்டிலும் இல்லை, கழித்துப் பார்த்துக்கொள் என்றார்கள், பெண்டாட்டிகளும் கழித்துப் பார்த்து விளக்குமாற்றை எடுத்தார்கள். மினி பஸ் நடத்துநர் இது ஈச்சம்பாறை அல்லாத ஊர், இதுவும் ஈச்சம்பாறை அல்லாத ஊர் என்று கூவிக்கொண்டே வந்து கடைசியில் ஒன்றும் சொல்லாமல் விசில் ஊதினால் இறங்க வேண்டியவர்கள் இறங்கினார்கள். ஊரில் இருந்த போன்களுக்கும் இது ஒட்டிக்கொண்டது. வழி சொல்கிற பெண்குரல் முன்பெல்லாம் இடப்பக்கம் திரும்புங்கள் என்றுதான் சொல்லும். இப்போது, வலப்பக்கம் திரும்பாதீர்கள், நேராகவும் போகாதீர்கள், மீதியை நீங்களே யோசியுங்கள் என்றது. ஊரார் இதில் பெருமைப்பட்டார்கள், தங்கள் கல் சொல்லி உலகமே கேட்கிறது என்று.

தெய்வானைக்கு மட்டும் இந்தப் பேச்சு புதிதாக இல்லை. அவளுக்கு ஒரே தம்பி, செங்கோட்டுவேலு. போர்வெல் போடும் ரிக் வண்டியில் டிரைவராகச் சேர்ந்து, ராஜஸ்தான், சத்தீஸ்கர், ஒடிசா என்று யார் யார் ஊரிலோ பூமியைத் துளைத்துக்கொண்டு, வருஷத்தில் முக்கால்வாசி வெளியிலேயே கிடப்பவன். அப்பா அம்மா போனபிறகு அவன் வீட்டுச் சாவி அவளிடம். அடுத்த வீடுதான் அவளுடையது. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள், கூடப் படித்தவர்கள், ரேஷன் கடைக்காரர், ஓட்டுக் கேட்க வருகிறவர்கள், யார் வந்து வேலு இருக்கானுங்களா என்று கதவைத் தட்டினாலும் அவள் அடுப்படியில் இருந்தபடியே இல்லீங்க என்பாள். வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லி அந்த இல்லீங்க அவள் நாக்கில் தழும்பாகவே ஏறிவிட்டது. சில நாள் யாரும் தட்டாமலே சொல்லுவாள்.

அவனுக்குக் கல்யாணம் இரண்டு முறை நிச்சயமாகித் தள்ளிப்போயிருந்தது. முதல் தடவை துளைக்கிற குழாய் பாறைக்குள் சிக்கிக்கொண்டு அவனும் அங்கேயே சிக்கிக்கொண்டான். இரண்டாம் தடவை மகாநதியில் வெள்ளம். பெண் சுகுணா தங்கமானவள், காத்திருந்தாள். அவளுடைய தாய்மாமன் அப்படியல்ல. இந்தக் கார்த்திகை முகூர்த்தத்துக்கும் மாப்பிள்ளை வராமல் போனால் பெண்ணை அதே மேடையில் வேறொருத்தனுக்குக் கொடுப்பேன் என்று சபையில் சொல்லிவிட்டார். சொன்னதைச் செய்கிறவர் என்று பெயரெடுத்தவர் வேறு.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் வேலு போன் செய்தான். வண்டியோடு வந்துகொண்டிருக்கிறான், சங்ககிரி தாண்டியாகிவிட்டது, இனி என்ன, அரைமணி நேரம். தெய்வானைக்குக் கால் தரையில் பாவவில்லை. வெந்நீர் போட்டாள், அவனுக்குப் பிடித்த வெல்லக் கச்சாயம் சுட்டாள். அரைமணி ஒருமணியாயிற்று, ஒருமணி சாயங்காலமாயிற்று. திரும்ப அவளே கூப்பிட்டாள்.

“அக்கா, நான் போனப்ப இங்க ஒரே ரோடுதான இருந்துச்சு. இப்ப மேலயும் ரோடு, கீழயும் ரோடு. போனைப் போட்டா அது என்னென்னவோ சொல்லுதுக்கா.”

“என்ன கண்ணு சொல்லுது?”

“நீங்கள் ஈச்சம்பாறையில் இல்லை, மிக நன்றாக இல்லாமல் இருக்கிறீர்கள், இப்படியே தொடருங்கள்ங்குது. ஒரே செங்கச் சூளையைச் சுத்திச் சுத்தி வாரேன்.”

ஊர்ப் பையன்கள் மோட்டார் பைக்குகளைக் கிளப்பிக்கொண்டு பறந்தார்கள். அவன் நிற்கிறேன் என்று சொன்ன சூளைக்குப் போனார்கள், சூளை இருந்தது, அவன் இல்லை. அவன் தெரிகிறது என்று சொன்ன மேம்பாலத்துக்கு ஏறினார்கள், பாலம் இருந்தது, அவன் இல்லை. அவ்வளவு பெரிய ரிக் வண்டி, கம்பமும் குழாயும் ஏணியுமாக, ஒளித்துவைக்க முடியாத சாமான், அது கண்ணில் படவே இல்லை. இல்லை என்பதை நன்றாக உறுதி செய்துகொண்டு திரும்பி வந்தார்கள். பொழுது விடியும்போது மண்டபத்தில் நாதஸ்வரக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள், தாய்மாமன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தன் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தெய்வானை பட்டுச்சேலையோடு பிரிவுக்கு ஓடினாள். பின்னாலேயே ஊரும், ஊருக்கு முன்னால் பெயின்ட் டப்பாவோடு அர்த்தநாரியும் ஓடிவந்தார்கள். எழுதிவிடட்டுமா என்று அவன் கேட்டான். அவள் எழுது என்றுதான் சொல்ல வாயெடுத்தாள். கல் முந்திக்கொண்டது.

“எழுதினால் நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்துவிடும். உன் தம்பி எங்கே இல்லை என்பது மறந்துவிடும். அப்புறம் அவனைக் கழித்து எடுக்க ஆளிருக்காது.”

“அவன் எங்க இருக்கான்னு சொல்லு, போதும்.”

“அது எனக்குத் தெரியாத கணக்கு அம்மா. எங்கே இல்லை என்று நீங்கள் சொல்லுங்கள். நிறையச் சொல்லுங்கள். மிச்சமாகிற இடத்தில் அவன் இருந்தே ஆக வேண்டும், அவனுக்கு வேறு போக்கிடம் கிடையாது. ஒன்றில் மட்டும் கவனம். ஓரிடத்தையாவது மிச்சம் வையுங்கள். எல்லா இடத்தையும் கழித்துவிட்டால் அவன் எங்கேயும் இருக்க மாட்டான்.”

முன்பாதியை ஊரே கேட்டது. பின்பாதியைத் தெய்வானை மட்டும்தான் காதில் வாங்கினாள், மற்றவர்கள் அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தார்கள். என்ன ஓட்டம் அது! பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாமன் மச்சான்கள் ஓடினார்கள், பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையோடு ஓடினார்கள், பெண்வீட்டுச் சம்பந்திகள் தாங்களும் சும்மா இருக்கக் கூடாது என்று வந்த வேனிலேயே கிளம்பினார்கள், ராக்கியண்ணன் டீக்கடையை மூடிவிட்டுத் தன் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கல்லின் தலைமேல் வைத்துவிட்டு நின்றார். போனில் ஒவ்வொரு குரலாக வந்து விழுந்தது. வேலு கிணத்தடியில இல்லீங்க. வேலு மாரியம்மன் கோயில்ல இல்லீங்க. வேலு சந்தையில இல்லை, கரட்டுமேட்டுல இல்லை, பால் சொசைட்டியில இல்லை. தமயந்தி டீச்சர் பள்ளிக்கூடத்தைத் திறந்து ஒவ்வொரு வகுப்பாக எட்டிப்பார்த்து, ஒன்பதாம் வகுப்பில் இல்லை, அவன் எப்போதுமே அந்த வகுப்பில் இருந்ததில்லை என்று மூச்சு வாங்கச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் கல் கழித்தாயிற்று, கழித்தாயிற்று, கழித்தாயிற்று என்றது. மணமேடைக்குப் பின்னால் அலங்காரத்தில் இருந்த சுகுணாகூடப் போனை வாங்கி, என்ர பக்கத்துல அவங்க இல்லீங்க, இப்போதைக்கு, என்று சொல்லிவிட்டுக் கொடுத்தாள்.

அந்த நேரம் வேலு மறுபடி கூப்பிட்டான். குரலில் பயமும் சிரிப்பும் கலந்திருந்தது.

“அக்கா, சூளையைக் காணோம். பாலத்தையும் காணோம். ரோடு ரெண்டு பக்கமும் சுருங்கிட்டே வருது. எனக்கு ஒண்ணும் புரியல, ஆனா நம்மூட்டுக் கச்சாய வாசம் அடிக்குதுக்கா.”

அதோடு போன் அணைந்துவிட்டது. முகூர்த்தம் நெருங்கிவிட்டது. ஊர் முழுக்கக் கழித்து, பக்கத்து ஊர்களைக் கழித்து, உற்சாகம் தாங்காமல் அவனுக்குச் சம்பந்தமே இல்லாத மதுரையையும் மைசூரையும்கூடக் கழித்துவிட்டு எல்லோரும் மண்டபத்துக்குத் திரும்பினார்கள். மண்டபத்தில் சமையல்கட்டைக் கழித்தார்கள், மாடியைக் கழித்தார்கள், செருப்பு விடும் இடத்தைக் கழித்தார்கள், மேடையைக் கழித்தார்கள். கல்லின் தலைமேல் இருந்த ராக்கியண்ணனின் போனோடு பேச்சில் இருந்த வேறொரு போன் மேடையோரத்தில் ஒரு சொம்பின்மேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கழித்தாயிற்று, கழித்தாயிற்று என்று அது சொல்லிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நின்றது.

மேடைக்குக் கீழே இணைச்சீருக்கு எல்லாம் தயாராக இருந்தது. அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் நடக்க வேண்டும். மாப்பிள்ளை முக்காலியில் உட்கார, அவன் கூடப்பிறந்தவள் தலையில் பேழைக்கூடையைச் சுமந்து பக்கத்தில் நிற்பாள். புதுச்சேலையின் ஒரு தலைப்பு அவள் கையில், மறு தலைப்பு அவன் கையில். அது முடியும்வரை அந்த முக்காலி அவளுக்குப் பாத்தியப்பட்டது, அதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேறு யாருக்கும் உரிமை கிடையாது. சீர் செய்துவைக்கிற பெரியவர், ஆள் வராவிட்டாலும் நேரம் தப்பக் கூடாது என்று, தெய்வானையின் தலையில் கூடையை ஏற்றிவிட்டிருந்தார். ஒரு தலைப்பை அவள் பிடித்திருந்தாள். மறு தலைப்பு காலி முக்காலியின் மேல் கிடந்தது.

தாய்மாமன் எழுந்து வந்தார். கோபமாகக்கூட இல்லை, சலித்துப்போயிருந்தார்.

“அந்த முக்காலி ஒண்ணுதான் பாக்கியாமா. அதையும் சொல்லிப்போடு தாயி. கண்ணுல தெரியறதைச் சொல்றதுக்கு என்ன? இல்லைன்னு சொல்லு, நாங்க பொழப்பைப் பார்க்கறோம்.”

சொல்லும்மா, சொல்லும்மா என்றது கூட்டம். கழித்துக் கழித்து அவர்களுக்கு வெறியேறியிருந்தது, கடைசி ஒன்றையும் கழித்துவிட்டால் கணக்கு முடிந்து மாப்பிள்ளை பொத்தென்று வந்து விழுவான் என்று நம்பினார்கள். தலையில் கூடை இருந்ததால் தெய்வானையால் குனிந்து முக்காலியைப் பார்க்க முடியவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை, காலியாக இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். இல்லீங்க என்ற சொல் பழகின மாடு தானாகக் கொட்டகைக்கு வருவதுபோல நாக்கின் நுனிவரை வந்து நின்றது. எத்தனை பேருக்கு, எத்தனை வருஷம் சொன்ன சொல். ஒரு தடவைகூடத் தவறாமல் உண்மையாக இருந்த சொல். அதை அவள் பல்லால் கடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது.

“இருக்கான்” என்றாள்.

எல்லோரும் காலி முக்காலியைப் பார்த்தார்கள்.

“என்ர தம்பி இங்கதான் இருக்கான். இத்தனை நாளும் இல்லை இல்லைன்னு நான் சொன்னது போதும். சீரை ஆரம்பிங்க.”

சொம்பின்மேல் இருந்த போனில் கல் மெதுவாக, “மிச்சம் வந்துவிட்டது” என்றது.

பெரியவர் அவள் முகத்தைப் பார்த்தார், தொண்டையைச் சரிசெய்துகொண்டு வாழ்த்துப் பாட ஆரம்பித்தார். முதல் அடி முடிவதற்குள் தெய்வானையின் கையில் இருந்த சேலை ஒரு இழுப்பு இழுபட்டது. அவள் திரும்பவில்லை, கூடை விழுந்துவிடும். டீசல் நாற்றமும் கல்மாவு நாற்றமும் மூக்கில் ஏறின. கூட்டம் ஓவென்று எழுந்தது, நாதஸ்வரக்காரர் வாயில் வைத்ததை மறந்து எழுந்து நின்றார், வெளியே மண்டபத்து வாசலை முழுக்க அடைத்துக்கொண்டு ரிக் வண்டி ஏணியும் கம்பமுமாக நின்றது, அது எந்தப் பக்கமாக வந்தது என்று அதன் பக்கத்திலேயே நின்றிருந்த வாட்ச்மேனுக்கும் தெரியவில்லை.

“சேலையை அப்படி இறுக்கிப் பிடிக்காதக்கா, இங்கதான இருக்கேன்” என்றான் முக்காலியில் உட்கார்ந்திருந்தவன். தலையிலிருந்து கால்வரை சாம்பல் நிறத் தூசி. அவன் குளித்துவிட்டுத்தான் தாலி கட்ட வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். தாய்மாமன்தான் நேரமில்லை, அப்படியே கட்டட்டும் என்று அதட்டினார், தன் மேல்துண்டை எடுத்து அவரே அவன் முகத்தைத் துடைத்தும் விட்டார். சுகுணா கல்யாண போட்டோ எல்லாவற்றிலும் சிரித்துக்கொண்டிருக்கிறாள், அவள் தோளில் ஐந்து விரலும் சாம்பலாகப் பதிந்திருக்கின்றன.

பந்தி முடிந்ததும் அர்த்தநாரி போய், யாரும் தடுக்காமல், கல்லில் எழுத்தை எழுதினான். ஊர்ப்பெயரை எழுதி, தூரங்களை எழுதி, கடைசிப் புள்ளியை வைத்தபோது கல், அப்பாடா என்றது. அதற்குமேல் அது பேசவில்லை. நடத்துநரும் போன்களும் கொஞ்ச நாளில் பழையபடி நேராகப் பேசப் பழகிக்கொண்டார்கள், ஊர்ப் புருஷன்மாருக்கு மட்டும் அந்தப் பழக்கம் விடவில்லை.

மறுவீடு முடிந்து வந்த காலையில், யாரோ வெளியூர்க்காரர் வந்து கதவைத் தட்டினார். வேலு இருக்கானுங்களா என்று கேட்டார். தெய்வானை அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள், கேட்ட மாத்திரத்தில் வழக்கமான பதிலுக்கு வாய் திறந்துகொண்டது. அடுத்த வீட்டு முற்றத்தில் தம்பி பல் தேய்த்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. அவள் பாலை இறக்கிவைத்துவிட்டு, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக வாசலுக்கே எழுந்து போனாள்.

“இருக்கானுங்க, உள்ள வாங்க” என்றாள்.